பச்சை அடித்த கட்டம்

மனைப்பிரிவு வரைபடமும் ஒரு பிரதிதான். அதை எழுதியவர் உண்டு, அதற்கென்று ஒரு நடை உண்டு, அது சொல்லாமல் விட்டவையும் உண்டு. கவிதைக்கும் நாவலுக்கும் இவ்வளவு விமர்சனம் எழுதுகிற நாம், லட்சக்கணக்கானவர்கள் உள்ளே போய் வாழ்ந்துகொண்டிருக்கிற இந்தப் பிரதியை மட்டும் வாசிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் அதன் ஒரு மூலையை வாசித்துப் பார்க்கிறேன். வீடில்லாதவர்களுக்கென்று அரசு கட்டும் குடியிருப்பின் வரைபடத்தில், வீடு, சாலை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரைந்து முடித்தபிறகு மிச்சமிருக்கும் இடத்தில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும் கட்டம்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். நிரலின் நடுவே 'டூடூ' என்று ஒரு குறிப்பு எழுதிவைப்போம். இதைப் பிறகு ஒழுங்காக எழுதணும் என்று அர்த்தம். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். குறிப்பு அப்படியே கிடக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் நடக்காது. பச்சைக் கட்டத்தின் கதையும் பெரும்பாலும் இதுதான். வரைபடத்துக்கு அனுமதி கிடைத்துவிடும், வீடுகள் எழும்பிவிடும், சாவியும் கொடுத்துவிடுவார்கள். கட்டத்தில் சீமைக்கருவேலம் முளைக்கும். அல்லது கம்பிவேலி போட்டுப் பூட்டுத் தொங்கும்.

சட்டத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ரியல் எஸ்டேட் பேச்சில் இதை 'ஓ.எஸ்.ஆர்' என்பார்கள். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் ஒதுக்க வழியில்லை என்றால் அதற்குரிய பணத்தைக் கட்டிவிடலாம். ஒதுக்கிய நிலத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த 10 சதவீத விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நல்ல விதிதான், அது இல்லாவிட்டால் அந்தக் கட்டமும் இருக்காது. ஆனால் தானப்பத்திரத்தை ஒரு தடவை இலக்கிய வாசகராகப் படித்துப் பாருங்கள். கொடுப்பவர் நிலத்தை வைத்திருந்தவர். வாங்குபவர் நகராட்சியோ மாநகராட்சியோ. அந்த இடத்தைச் சுற்றிக் குடியிருக்கப் போகிறவர் அதில் ஒரு பாத்திரமாகக்கூட வருவதில்லை.

வரைபடம் பரப்பளவைச் சொல்கிறது. சொல்லாதவை நான்கு. தண்ணி யார் ஊத்துவாங்க? காய்ச்சதை யார் பறிக்கலாம்? கிளையை யார் வெட்டலாம்? அங்கே யார், எவ்வளவு நேரம் உட்காரலாம்? பொதுப் பசுமை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த நான்கு கேள்விகளுக்குள் இருக்கிறது. சதவீதத்தை வைத்துக்கொண்டு மட்டும் பேசுகிறவரை நாம் வெறும் நிலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

தூத்துக்குடியை வைத்து இதைப் பார்க்கக் காரணம் உண்டு. இந்தக் கரையில் பச்சை சும்மா வராது. ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாக 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நிலத்தில் உப்பு ஏறியிருக்கும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படுகிற ஊர் இது, அளத்துக்குப் பக்கத்தில் வீட்டைக் கட்டிவிட்டு ரோஜாச்செடி வைக்க முடியாது. பெய்தால் 2023 டிசம்பர் மாதிரி பெய்யும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர், அதாவது ஒரு வருஷத்து மழையைவிட அதிகம். மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மரம் நின்றால், அதை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படி நிறுத்தப்பட்ட மரங்களை ஊருக்குத் தெற்கே பார்க்கலாம். துறைமுக ஊழியர்களுக்கான ஹார்பர் எஸ்டேட், உரத் தொழிற்சாலையின் ஸ்பிக் நகர், அனல்மின் நிலையத்தின் கேம்ப் குடியிருப்புகள். தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974இல். அந்தப் பத்தாண்டில்தான் பொட்டல்காட்டில் இந்தக் குடியிருப்புகள் வளரத் தொடங்கின. வெயிலில் வெந்துகொண்டு பஸ்ஸில் போகிறவருக்கு இவற்றின் வாசலைத் தாண்டும்போது கண் குளிரும். மண் அதே மண்தான். அங்கே தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒரு ஆளும் அந்த ஆளுக்கு மாதச் சம்பளமும் இருந்தன. குழாய் இருந்தது. மரமும் ஒரு வகையில் ஊழியர் பட்டியலில் இருந்தது.

அந்தத் தண்ணீருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த திட்டத்துக்கு ஊரில் '20 எம்ஜிடி' என்றே பெயர். கீழ்ப்பாசன விவசாயிகள் நெடுங்காலம் அதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். ஆக, இந்த மாவட்டத்தில் பசுமை என்பது தண்ணீரை யார் பக்கம் திருப்புவது என்ற கேள்வியின் விடை. பொட்டல் நிலத்தில் மரம் வளராது என்று யாராவது சொன்னால் இந்தக் கம்பெனிக் குடியிருப்புகளைக் காட்டலாம். வளரும். பில் கட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அதே ஊரில் பச்சை எப்படிக் காகிதத்தில் சுருங்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 1994இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் வேண்டும் என்பது. அது பிற்பாடு கம்பெனி கேட்டுக்கொண்டதன்பேரில் 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இந்த விவரம் பதிவாகியிருக்கிறது. ஒரு பூஜ்யம் போனது. ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய 225 மீட்டர் மரங்கள் அந்தப் பூஜ்யத்தோடு போயின. அந்த மரங்களுக்கு அப்பால் குடியிருந்தவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. வரைபடத்தின் பச்சைக்கு உரிமையாளர் இல்லையென்றால் அதைக் குறைப்பதற்கு யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை.

2018இல் அ. குமரெட்டியபுரத்துக்காரர்கள் ஆலையை எதிர்த்து உட்கார்ந்தது தங்கள் ஊர் மரத்தடியில். நூறாவது நாளில், மே 22 அன்று, ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு இங்கே வேண்டியது ஒரு சின்ன விவரம்தான். பிள்ளைகளும் பெண்களும் நாள்கணக்காக உட்கார்ந்திருக்க ஒரு நிழல் வேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல் உட்காரக்கூடிய நிழல்.

*

பொதுக் குடியிருப்பும் மரமும் நேருக்குநேர் மோதிய பெரிய சம்பவம் சுனாமிக்குப் பிறகு நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் மறைவு இருந்ததால் தூத்துக்குடிக் கரை பெரும்பாலும் தப்பியது, நாகப்பட்டினம் மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. ஆனால் மறுகுடியமர்வுக்கான கொள்கை எல்லாக் கரைக்கும் ஒன்றுதான். 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புதுவீடு இலவசம். போக மாட்டேன் என்றால் இருக்கலாம், ஆனால் உதவி கிடையாது. வீடு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். மனை கிராமத்தில் 3 சென்ட், நகரத்தில் ஒன்றரை சென்ட்.

ஒன்றரை சென்ட் என்பது 653 சதுர அடி. வீட்டைக் கழித்தால் மிச்சம் 330 சொச்சம். அதற்குள் நடைபாதை, துணி துவைக்கிற இடம், விறகு, கோழி, ஆடு. இதில் ஒரு முருங்கை வைக்கலாம். பூவரசு வைக்க முடியாது. அப்படியென்றால் பெரிய மரம் என்பது பொது இடத்தில் மட்டும்தான் சாத்தியம். அந்தப் பொது இடத்தில் என்ன நடந்தது?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ஜெனிஃபர் டூயின் பேரன்ஸ்டீன் தமிழகக் கடற்கரையின் மறுகட்டுமானத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் கண்ட முக்கியமான விஷயங்களில் ஒன்று மரம். பல ஊர்களில் ஒப்பந்தக்காரர்கள் தரையில் ஒன்றும் இல்லாமல் சுத்தமாக ஆக்கிக் கொடுத்தால்தான் வேலையைத் தொடங்குவோம் என்றிருக்கிறார்கள். வரிசையாக, ஒரே அளவில், வேகமாகக் கட்ட வேண்டும். மரம் நூல் பிடிக்கிற கோட்டுக்குக் குறுக்கே நிற்கும். சுனாமியில் விழாமல் நின்ற தென்னையையும் வேம்பையும் பூவரசையும் நிவாரணத்துக்காக வெட்டினார்கள். நல்லது செய்ய வந்தவர்களின் பணத்தில் இது நடந்தது என்பதுதான் இதில் கசப்பான பகுதி. கொடூரமானவர் யாரும் இந்தக் கதையில் இல்லை. வரைபடத்தில் மரம் இல்லை, அதனால் தரையிலும் இல்லாமல் போனது.

அந்த மரங்கள் அழகுக்கு நின்றவை அல்ல. நெய்தல் நிலத்தில் மரத்தடி வேலை செய்கிற இடம். வலையில் விழுந்த பொத்தலை உச்சிவெயிலில் அடைக்க முடியாது, அதற்கு நிழல் வேண்டும். தூளி கட்டக் கிளை வேண்டும். ஆட்டுக்குக் குழை, கொழுக்கட்டைக்குப் பூவரசு இலை. மதியம் கான்கிரீட் வீட்டுக்குள் இருக்க முடியாதபோது பெண்கள் வெளியே வந்து உட்கார ஓர் இடம். மீன் விற்ற கணக்கும் சீட்டுக் கணக்கும் பெண் பார்க்கிற பேச்சும் அங்கேதான். மரம் போனதில் நிழலோடு அந்தப் பேச்சும் போனது. வீட்டுத் திட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் இதை எழுத ஒரு பத்தி கிடையாது.

நம் இலக்கியத்துக்கு இது தெரியும். நற்றிணையின் 172ஆம் பாட்டு நினைவிருக்கும். விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்து வளர்ந்த புன்னையை ஒரு தாய் மகளுக்குச் சகோதரி என்று சொல்லி வைத்திருக்கிறாள், அதனால் அதன் நிழலில் காதலனோடு இருக்க அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டைக் காதலின் நளினத்துக்காகவே நாம் எப்போதும் பேசுகிறோம். நான் அதை ஒரு பராமரிப்புப் பதிவேடாகவும் படிக்கிறேன். யார் நட்டார்கள், யார் ஊற்றி வளர்த்தார்கள், அதனடியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எல்லாமே அதில் இருக்கிறது. நான் மேலே கேட்ட நான்கு கேள்விகளில் பாதிக்கு அங்கே பதில் உண்டு.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மணப்பாட்டுக் கரையில் நடக்கிற கதை, 1977இல் வந்தது. வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகன் அப்பாவைக் கேட்கிறான். வீடும் வள்ளமும் ஒரே மூச்சில் வருகின்றன. கரையில் வீடு என்றால் வள்ளம் ஏற்றி வைக்கிற மணலும் சேர்த்துத்தான். திரேஸ்புரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கருவாடு காய்வதும் நாட்டுப்படகு ஓய்வெடுப்பதும் பையன்கள் பந்து விளையாடுவதும் ஒரே வெளியில். அந்த வெளிக்குப் பட்டா கிடையாது, ஆனால் யாருடைய இடம் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். சென்னையில் சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களை அவர்கள் இருந்த குப்பங்களிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிச் செம்மஞ்சேரிக்கு அனுப்பியபோது அவர்களுக்குச் சுவர் கிடைத்தது, இந்த மணல் கிடைக்கவில்லை. பச்சைக் கட்டம் போட்டுக் கொடுத்தால் அந்த இழப்பு ஈடாகிவிடும் என்று வரைந்தவர் நம்பியிருக்கலாம்.

*

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி வரும். பொது இடம் என்றாலே நாறிப்போகும், எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் அக்கறை இருக்காது, ஆகவே பூட்டி வைப்பதுதான் சரி. 1968இல் காரெட் ஹார்டின் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். அரசு வாரியங்களுக்கும் அபார்ட்மென்ட் சங்கங்களுக்கும் அது வசதியான கோட்பாடு. எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க அதற்குப் பதில் சொன்னார், 2009இல் பொருளாதார நோபல் வாங்கினார். மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர், பாசனக் கால்வாய் என்று உலகம் முழுக்கப் பார்த்து அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: பயன்படுத்துகிறவர்களே விதி போட்டு, அவர்களே கண்காணித்து, மீறினால் சின்னதில் ஆரம்பித்து அபராதம் வைத்துக்கொண்டால் பொதுச்சொத்து நிற்கும். வெளியே உள்ளவர் அந்த உரிமையை அங்கீகரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முத்துக்குளித்துறைக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. கடலுக்கடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முதலில் சிப்பியை எடுத்து முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், முற்றவில்லையென்றால் சலாபம் கிடையாது, வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். குளித்தெடுத்த சிப்பியைக் கரையில் பங்கு பிரிப்பதற்கும் முறை இருந்தது. இதைப் பொற்காலமாக நான் சொல்லவில்லை. பாண்டியனோ போர்த்துகீசியனோ டச்சுக்காரனோ வெள்ளைக்காரனோ, பெரும்பங்கு போனது ஆட்சிக்கு. சாதித் தலைவருக்குத் தனி மானியம் இருந்தது. மூச்சடக்கிக் குதித்தவனுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஆனால் எப்போது இறங்கலாம், யார் இறங்கலாம், யாருக்கு எவ்வளவு என்பது இறங்குவதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. 1961இல் தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத கடலடித் திட்டுக்கு விதி வைத்திருந்த கரையில், கண்ணெதிரே கிடக்கிற அரை ஏக்கர் பூங்காவுக்கு ஒரு விதி எழுத முடியாதா?

எழுதியிருக்கிற ஊர் ஒன்றை நம்மில் பலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஐந்தில் நான்கு பேருக்கு நெருக்கமாக அரசு கட்டிய வீவக அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். அங்கே தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இன்று ஏறக்குறைய 2,000 தோட்டங்கள். பல தோட்டங்கள் புளோக்குக்குக் கீழேயே இருக்கின்றன, கறிவேப்பிலையும் முருங்கையும் பாண்டானும் பக்கத்துப் பக்கத்தில். குடியிருப்பாளர் குழு கேட்டு வாங்கி நடத்துகிறது. தனியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்குப் பூங்காக்களில் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியை மூன்று வருஷத்துக்குக் கொடுக்கிற திட்டமும் இருக்கிறது. பாத்தியின் அளவும் ஆண்டும் கையில் எழுத்தாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். அங்கேயும் குறை இருக்கிறது. வேலி போட்டுப் பூட்டிய சமூகத் தோட்டங்கள் உண்டு, காய்கறி திருட்டுப் புகார் உண்டு, பரிசுப் போட்டிக்காக அலங்காரம் செய்கிற பழக்கமும் உண்டு. எல்லாவற்றையும் மேலே இருந்து அனுமதிக்கிற அரசு அது, தானாக முளைத்ததை அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதை அப்படியே தூக்கி இங்கே வைக்கச் சொல்லவில்லை. பாத்திக்கு எழுத்தில் உரிமை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் நம்மிடம் இருக்கிற எழுத்து வேறு மாதிரி. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாற்றம் நல்லது, 'குடிசை மாற்று' என்பதில் குடிசைதான் பிரச்சினை என்ற தொனி இருந்தது. 'வாழ்விடம்' என்றால் வீட்டுக்கு வெளியே இருப்பதும் சேரும். அந்த வாரியக் குடியிருப்புகளில் சங்கம் அமைத்து, குடியிருப்பவர்கள் கட்டும் பராமரிப்புப் பணத்துக்கு இணையாக அரசும் போடுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு'. சங்கம் வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கூட்டுவதும் கழுவுவதும் மோட்டார் ரிப்பேருக்குக் காசு போடுவதும் நம் பொறுப்பு, சரி. அந்தக் கட்டத்தில் முருங்கை வைக்கலாமா, வாழைத்தாரை யார் வெட்டிக்கொள்வது, மீன்கூடையை நிழலில் இறக்கி வைக்கலாமா, இதெல்லாம் யாருடைய முடிவு? 'நம் உரிமை' என்று ஒரு வார்த்தை அந்தப் பெயரில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மேல்நடுத்தர அபார்ட்மென்டில் பூங்கா சும்மா பார்ப்பதற்கு இருந்தால் பரவாயில்லை. அங்கே உள்ளவர்களுக்கு ஏசி இருக்கிறது, சாயங்காலம் போய்வர வேறு இடம் இருக்கிறது. 325 சதுர அடியில் ஐந்து பேர் இருக்கிற குடும்பத்துக்கு வெளி என்பது வீட்டின் இன்னொரு அறை. அதைப் புல்தரை போட்டு 'மிதிக்காதீர்கள்' என்று பலகை வைப்பது, கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம்.

ஆகவே இனி ஒரு குடியிருப்பு வரைபடம் கண்ணில் பட்டால் பச்சை எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு மடித்துவிடாதீர்கள். வரைவதற்கு முன்பு அந்த நிலத்தில் நின்ற மரங்களை எண்ணினார்களா, அவை படத்தில் புள்ளிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டத்துக்கு ஒரு குழாய் போகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேளுங்கள், அது அங்கே குடியிருக்கும் ஒருவருக்கே கிடைத்தால் இன்னும் நல்லது. பறிக்கவும் வெட்டவும் உட்காரவும் யாருக்கு உரிமை என்பது சங்கத்தின் விதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கரையோரக் குடியிருப்பு என்றால், வலையும் கூடையும் வைக்க நிழலுள்ள மணல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஸ்பிக் நகரில் வளர்ந்த வேம்பு திரேஸ்புரத்திலும் வளரும்.